டொரன்டோவில் அகதிக்கு யார் துணை?

2023 ஜூலையில் டொரன்டோ நகரின் நடுவே, பீட்டர் தெரு 129ஆம் எண் கட்டடத்துக்கு வெளியே ஆட்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து, கனடாவில் அகதியாக ஏற்கும்படி கேட்டவர்கள். அந்தக் கட்டடம், வீடற்றோருக்குத் தங்க இடம் ஒதுக்கும் மாநகராட்சி மையம். தங்குமிடங்கள் நிரம்பிவிட்டன, அகதிகள் மத்திய அரசின் பொறுப்பு, அங்கே கேளுங்கள் என்றது மாநகராட்சி. தங்குமிடம் நகரமும் மாகாணமும் பார்க்க வேண்டிய வேலை என்றது மத்திய அரசு. மழை பெய்தால் தார்ப்பாய்.

கடைசியில் பேருந்து வைத்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நகரின் கறுப்பினச் சமூக அமைப்புகள். வடக்கே நார்த் யார்க் பகுதியில் ரிவைவல்டைம் டேபர்நாக்கிள் போன்ற தேவாலயங்கள் தங்கள் கூடங்களைத் திறந்துவிட்டன. நூற்றுக்கணக்கானோர் அங்கே தங்கினார்கள். சமையலும் துணிமணியும் சபை மக்கள் பொறுப்பு. நடைபாதைப் படங்கள் நாடு முழுக்கச் செய்தியான பிறகு, அதே மாதத்தில் மத்திய அரசு டொரன்டோவுக்கு 9.7 கோடி டாலர் அறிவித்தது.

அகதிகளைக் கைநீட்டி வரவேற்கும் நாடு என்று கனடாவுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பொய்யில்லை. அப்படியானால் இவர்கள் ஏன் தெருவில் கிடந்தார்கள்? அந்த நாட்டுக்குள் ஓர் அகதி நுழைய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் வருபவருக்காக விமான நிலையத்தில் பூங்கொத்தோடு ஆட்கள் நிற்பார்கள். மற்றதில் வருபவருக்கு யாரும் இருக்க மாட்டார்கள். டொரன்டோவில் அகதிகளுக்காக நடக்கும் வேலையில் பாதி, இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வேலைதான்.

முதல் வழி, வெளிநாட்டில் இருக்கும்போதே அகதி என்று தேர்ந்தெடுக்கப்பட்டு வருவது. அரசே செலவு செய்து அழைத்து வருவதும் உண்டு. குடிமக்கள் பொறுப்பேற்று அழைத்து வருவதும் உண்டு. இரண்டாவது ஏற்பாட்டை உலகுக்குக் காட்டிய நாடு கனடா. 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே வியட்நாமிலிருந்து படகுகளில் மக்கள் தப்பி வர, டொரன்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஹோவர்டு அடெல்மன் தன் வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பேசினார். அதிலிருந்து 'ஆபரேஷன் லைஃப்லைன்' என்ற இயக்கம் பிறந்து, ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பின. 1979, 80 இரண்டே ஆண்டுகளில் இந்தோசீன நாடுகளிலிருந்து வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றது இப்படிப்பட்ட குழுக்களே. 1986இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது கனடா மக்கள் அனைவருக்குமாகக் கிடைத்தது. 2015இல் சிரியா அகதிகளுக்காக 'லைஃப்லைன் சிரியா' என்று டொரன்டோவில் அமைப்பு தொடங்கியவர்கள், அந்தப் பழைய பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நடைமுறை எளிது. 2024 நவம்பர் வரை ஐந்து பேர் சேர்ந்தாலே ஒரு குழு. தேவாலயம், மசூதி, சமூகச் சங்கம் வழியாகவும் செய்யலாம். வருகிறவருக்கு ஓராண்டு வீட்டு வாடகை, சாப்பாடு, உடை எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. ஒற்றை ஆளுக்கே பதினாறாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் காட்ட வேண்டும். பணத்தைவிடப் பெரிய உதவி மற்றதெல்லாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வங்கிக்குக் கூட்டிப் போவது, பல்வலிக்கு யாரைப் பார்ப்பது, மைனஸ் இருபது குளிரில் எந்த ஜாக்கெட் தாங்கும் என்று சொல்வது. வந்து இறங்கும் நாளிலேயே நிரந்தர வசிப்புரிமையும் கிடைத்துவிடுகிறது. இத்திட்டத்தில் இதுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழியில் வருகிறவர் எப்படியோ கனடா மண்ணை மிதித்துவிட்டு, திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, அடைக்கலம் கொடுங்கள் என்று கேட்கிறார். அவர் இன்னும் அகதி இல்லை, கோரிக்கையாளர் மட்டுமே. கேட்டது நியாயமா என்று ஒரு வாரியம் விசாரித்து முடிவு செய்யும். அதுவரை ஒண்டுவதற்கு இடமும் வழிகாட்ட ஆளும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். தரைவழியாக அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு வேறொரு தடையும் இருக்கிறது. முதலில் கால்வைத்த பாதுகாப்பான நாட்டிலேயே கேட்க வேண்டும் என்ற ஒப்பந்தம் 2004 முதல் நடப்பில் உள்ளது. 2023 மார்ச்சில் அதை எல்லை முழுவதற்கும் விரித்தார்கள்.

கோரிக்கையாளரின் தலையெழுத்து பெரும்பாலும் ஒரு படிவத்தில் முடிவாகிறது. நீ யார், உனக்கு என்ன நடந்தது, யாருக்குப் பயப்படுகிறாய், ஏன் உன் நாட்டுப் போலீசிடம் போகவில்லை, உள்நாட்டிலேயே வேறு ஊருக்கு ஏன் போகவில்லை என்று கேட்கும் படிவம். விமான நிலையத்தில் கோரிக்கை வைத்தவர் அதை 15 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கோவிட் காலத்திலிருந்து அந்தக் கெடுவைத் தளர்த்தினார்கள். சித்திரவதைப்பட்ட ஒருவர், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், அதையெல்லாம் முன்பின் தெரியாத மொழிபெயர்ப்பாளர் முன்னால் தேதிவாரியாகச் சொல்ல வேண்டும். கைதானது மார்ச்சிலா மேயிலா என்று படிவத்தில் ஒன்றும் விசாரணையில் ஒன்றும் வந்துவிட்டால், நம்பகத்தன்மை இல்லை என்று கோரிக்கை தள்ளுபடியாகலாம். வதைபட்டவனுக்குத் தேதி நினைவிருக்கும் என்று எதிர்பார்ப்பதே எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆனால் விசாரணை நடப்பது அப்படித்தான்.

இங்கேதான் அகதி இல்லங்கள் வருகின்றன. எல் சால்வடாரிலிருந்து 1990இல் அகதிகளாக வந்த பிரான்சிஸ்கோ ரிக்கோ மார்ட்டினெஸ், லோலி ரிக்கோ தம்பதி, கன்னியர் சபை ஒன்றின் துணையோடு 1991இல் தொடங்கிய எஃப்.சி.ஜே. அகதிகள் மையம் ஓர் எடுத்துக்காட்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தங்க இடம் தருவதோடு, படிவம் நிரப்ப உதவுகிறார்கள், விசாரணைக்குத் தயார் செய்கிறார்கள், ஆவணமே இல்லாமல் வாழ்கிறவர்களுக்கும் கதவு திறக்கிறார்கள். மேரி ஜோ லெடி என்பவர் 1992இல் தொடங்கிய ரோமேரோ இல்லத்தில், ஊழியர்களும் அகதிக் குடும்பங்கள் இருக்கும் அதே வீடுகளில் குடியிருக்கிறார்கள். இரவு பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதிர் அறைக் கதவைத் தட்டினால் போதும். சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கென்று 1983இல் பதிவான கனடிய மையம் ஒன்றும் இதே நகரில் இருக்கிறது. அங்கே மனநல உதவியும் கிடைக்கும், உடலில் உள்ள தழும்புகளைப் பற்றி மருத்துவர் தரும் அறிக்கைக்கும் வழி பிறக்கும். அந்த அறிக்கை விசாரணையில் சாட்சியாக நிற்கும்.

வீடு தேடும் படலம் தனிக் கொடுமை. வீட்டுக்காரர் வேலைக் கடிதம் கேட்பார், கடன் வரலாறு கேட்பார், முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையும் முன்பணமாகக் கேட்பார். நேற்று வந்தவருக்குக் கடன் வரலாறு எங்கிருந்து வரும்? இல்லத்து ஊழியர் ஒருவர் உடன்போய், இவருக்கு நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னால் சில வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். சட்டத்தில் இடமில்லாத சிபாரிசுதான். ஆனாலும் பல குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது இப்படித்தான்.

இப்படி ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கவனிப்பார்கள்: எல்லோரும் ஒரே இடத்தில் இடறி விழுகிறார்கள். அப்போது அந்தக் கல்லை அப்புறப்படுத்த வேண்டும் என்று தோன்றுமே, உரிமைக் குரல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்று விசாரணை என்று ஒன்று நடப்பதே அப்படிக் கிடைத்ததுதான். 1985க்கு முன்பு பல கோரிக்கைகளைக் காகிதத்தைப் பார்த்தே தள்ளுபடி செய்தார்கள். முடிவெடுப்பவர் கோரிக்கையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஹர்பஜன் சிங் என்ற கோரிக்கையாளர் உள்ளிட்ட சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும், குடிமகனோ இல்லையோ, உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிய சாசன உரிமை பொருந்தும், நேரில் பேச வாய்ப்பளிக்காமல் அனுப்பக் கூடாது என்று 1985 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. அந்த நாளைத்தான் கனடாவில் அகதிகள் உரிமை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

2012இல் மத்திய அரசு அகதிகளுக்கான மருத்துவக் காப்பீட்டை வெட்டியது. சில பிரிவினருக்கு, அவர்கள் நோய் பிறருக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால் மட்டுமே சிகிச்சை என்ற நிலை. மருத்துவர்கள் கொதித்தார்கள். வெள்ளைக் கோட்டோடு தெருவில் நின்றார்கள். அமைச்சர்கள் பேசும் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்டார்கள். ஒரு கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பும்படி சொல்லும் அரசாணையை மருத்துவர் எதிர்க்கும்போது அரசுக்குப் பதில் சொல்வது கடினம். வழக்குப் போட்டார்கள். இது கொடிய, வழக்கத்துக்கு மாறான நடத்துமுறை என்று 2014 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. ஆட்சி மாறி, 2016 ஏப்ரலில்தான் காப்பீடு முழுமையாகத் திரும்பி வந்தது.

மாநகராட்சி அளவிலும் ஒரு வெற்றி உண்டு. நூலகம், நோய்த்தடுப்பு போன்ற நகரச் சேவைகளுக்குக் குடிவரவு நிலை என்ன என்று கேட்கக் கூடாது என்று 2013 பிப்ரவரியில் டொரன்டோ மன்றம் உறுதி செய்தது. ஆனால் காகிதத்தில் இருப்பது கவுன்ட்டரில் இருக்கும் ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அதற்கும் ஓர் ஆள் கூடப் போக வேண்டியிருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தக் கதை அயல்வீட்டுக் கதை இல்லை. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு டொரன்டோ போய்ச் சேர்ந்த ஈழத்தமிழரில் மிகப் பலர் இரண்டாவது வழியில் போனவர்கள், தாங்களே போய்க் கேட்டவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து நேராக வந்தோம் என்று அவர்கள் சொன்னது பொய், உண்மையில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் நாடே கோபப்பட்டது. ஆனாலும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 2010இல் சன் சீ என்ற கப்பலில் 492 ஈழத்தமிழர் வந்தபோது காற்று மாறியிருந்தது. பலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். வழக்கறிஞர் தேடுவது, வெளியே வருகிறவர்களுக்கு வீடு பார்ப்பது என்று முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்காக ஓடினார்கள். குழுவாகக் கப்பலில் வருகிறவர்களைக் கட்டாயமாக அடைத்து வைக்க இடம் தரும் சட்டம் 2012இல் நிறைவேறியது.

கூப்பிட்டு வந்தவர் நல்ல அகதி, கூப்பிடாமல் வந்தவர் வரிசை தாண்டியவர் என்று கனடாவிலும் பேசுகிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு முன்னால் பெரும்பாலும் வரிசையே இருப்பதில்லை. வரிசை இருக்கும் முதல் வழியிலும், 2024 நவம்பர் கடைசியில் ஐந்து பேர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை அரசு நிறுத்தி வைத்தது. குவிந்த விண்ணப்பங்களைத் தீர்க்க என்று காரணம் சொன்னார்கள். விசாரணை வாரியத்தில் 2024 முடிவில் காத்திருந்த கோரிக்கைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். காத்திருக்கும் காலத்தில் வேலை அனுமதி கிடைக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம், மருத்துவம் உண்டு. ஊரில் விட்டு வந்த மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ அழைக்க மட்டும் முடியாது.

விசாரணையில் வென்ற பிறகுதான் நிரந்தர வசிப்புக்கும் குடும்பத்துக்கும் விண்ணப்பிக்கலாம்; அதற்கும் ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் இல்லத்து ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காதீர்கள், அம்மாவுக்குச் சீரியஸ் என்றாலும் ஊருக்குப் போகாதீர்கள். போனால், ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லி அகதி நிலையை ரத்து செய்யும்படி அரசு வாரியத்திடம் கேட்கலாம். 2012 டிசம்பரிலிருந்து அதோடு நிரந்தர வசிப்புரிமையும் பறிபோகும். இது தெரியாமல் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் பத்து ஆண்டு வாழ்ந்த நாட்டிலிருந்து வெளியேற்றும் உத்தரவை எதிர்த்து நிற்கிறார்கள். குடியுரிமை வாங்கியவர்களை இந்த விதி தொடாது. அதனால் தகுதி வந்த அன்றே குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள் என்று, மொழித்தேர்வுக்கும் அவர்களே பாடம் நடத்துகிறார்கள்.