இரண்டு அப்பா, ஒரு குஞ்சு!
பெங்குவின் கதையால் நூல்நிலையத்தில் மூண்ட சண்டை

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் நடுவே ஒரு மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அங்கே ராய், சைலோ என்று இரண்டு பெங்குவின் பறவைகள் இருந்தன. இரண்டும் ஆண்.

இவை இணைபிரியாத ஜோடி. சேர்ந்து நீந்தும். சேர்ந்து தூங்கும். மற்ற ஜோடிகளைப் போலக் கூடும் கட்டின. ஆனால், முட்டைக்கு எங்கே போவது? ஒரு கல்லைக் கொண்டு வந்து வைத்து, மாறி மாறி அடை காத்தன!

இதைக் காவலர் கவனித்தார். வேறொரு ஜோடி 2 முட்டைகள் இட்டிருந்தது. இரண்டையும் காப்பாற்ற அதனால் முடியாது. ஒன்றை எடுத்து வந்து, ராயும் சைலோவும் கட்டிய கூட்டில் வைத்தார். 34 நாட்கள் அடை காத்தன. குஞ்சு வெளியே வந்தது. பெண் குஞ்சு. டாங்கோ என்று பெயர் வைத்தார்கள்.

இது உண்மையாக நடந்தது. ஜஸ்டின் ரிச்சர்ட்சன், பீட்டர் பார்னல் என்ற இருவர் இதைக் குழந்தைகளுக்கான படக்கதை ஆக்கினார்கள். படம் வரைந்தவர் ஹென்றி கோல். "அண்ட் டாங்கோ மேக்ஸ் த்ரீ" என்பது புத்தகத்தின் பெயர். டாங்கோவோடு சேர்த்து மூன்று பேர் என்று பொருள். 2005-ம் ஆண்டு வெளிவந்தது.

சொல்லாமல் சொன்ன கதை

ஆணும் ஆணும் துணையாக வாழலாமா, கூடாதா என்று இந்தப் புத்தகம் வாதாடவில்லை. கூடு, முட்டை, குஞ்சு. அவ்வளவுதான் கதை.

இதைவிட அடக்கமான புத்தகம் ஒன்றும் உண்டு. 2002-ல் வந்த "தி ஒயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்". சீனாவில் பெண் குழந்தைகளைத் தத்து எடுக்க 4 வீட்டார் புறப்பட்டுப் போகிறார்கள். அதில் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். இவர்களுக்குள் என்ன உறவு என்று கதை நின்று விளக்கவில்லை. மற்றவர்களைப் போல இவர்களும் போகிறார்கள், குழந்தையைக் கையில் வாங்குகிறார்கள். பெரியவர்கள் புரிந்து கொள்வார்கள். குழந்தைகள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

சிங்கப்பூரில் புயல்

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், 2014 ஜூலையில் இந்த இரண்டு புத்தகங்களும் வம்பில் மாட்டின. வாசகர் ஒருவர் புகார் செய்தார். தேசிய நூல்நிலைய வாரியம் இரண்டையும் குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. பலவகைக் குடும்பங்களைப் பற்றிய மூன்றாவது புத்தகம் ஒன்றும் எடுக்கப்பட்டது. எடுத்த புத்தகங்களை என்ன செய்வது? அரைத்துக் காகிதக் கூழாக்குவது என்று முடிவு!

ஊர் இரண்டு பட்டது. "நல்ல காரியம்" என்று ஒரு சாரார் பாராட்டினார்கள். இன்னொரு சாரார் கொதித்தார்கள். இலக்கியப் பரிசுக்கு நீதிபதிகளாக இருந்த மூன்று பேர் விலகினார்கள். நாடகக் கலைஞர் தி. சசிதரன் அவர்களில் ஒருவர். ஜூலை 13-ந் தேதி சுமார் 400 பேர் பிள்ளை குட்டிகளோடு தேசிய நூல்நிலையக் கட்டிடத்தில் கூடினார்கள். கோஷம் போடவில்லை. உட்கார்ந்து, அதே கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

ஜூலை 18-ந் தேதி மந்திரி யாக்கோப் இப்ராகிம் தலையிட்டார். "புத்தகங்களை அழிக்க வேண்டாம்; பெரியவர்கள் பகுதியில் வையுங்கள்" என்று உத்தரவு போட்டார். அதற்குள் மூன்றாவது புத்தகம் கூழாகிவிட்டது. மற்ற இரண்டும் தப்பின. பெங்குவின் படம் போட்ட புத்தகம் பெரியவர்கள் அலமாரிக்குப் போனது!

அப்போது சிங்கப்பூரில் ஆணும் ஆணும் உறவு கொள்வது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை நீக்கப் பார்லிமெண்டு 2022 நவம்பரில்தான் முடிவு செய்தது.

பிள்ளை கேட்டால்?

"இதை எல்லாம் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?" என்பதுதான் பெற்றோரின் கவலை. நியாயமான கவலை.

ஓசூரை எடுத்துக் கொள்ளுங்கள். பல ஜில்லாக்காரர்களும் பல மாநிலத்தாரும் பிழைக்க வந்து குடியேறிய ஊர். தாய்க்குக் காலை ஷிப்டு, தகப்பனுக்கு இரவு ஷிப்டு என்றால், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது பாட்டியும் சித்தியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை கலந்து கதை கேட்கும் பிள்ளை அது. "டாங்கோவுக்கு அம்மா எங்கே?" என்று அது கேட்கலாம். "அதுக்கு ரெண்டு அப்பா" என்றால் போதும். "அது மீன் தின்னுமா?" என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும்.

பாட்டியும் சித்தியும் வளர்ப்பது வேறு. இரண்டு பெண்கள் வாழ்க்கைத் துணையாக இருந்து வளர்ப்பது வேறு. ஆனால் யார் ஊட்டுகிறார்கள், யார் பக்கத்தில் படுக்கிறார்கள் என்பதுதான் பிள்ளையின் கணக்கு.

சட்டத்தின் கணக்கு அப்படி இல்லை. வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17-ந் தேதி, இப்படிப்பட்டவர்களின் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. ஜோடியாகச் சேர்ந்து தத்து எடுக்கும் உரிமையும் கிடைக்கவில்லை. 5 நீதிபதிகளில் 3 பேர் அதற்கு இணங்கவில்லை. இரண்டு பெண்கள் ஒரு குழந்தையை வளர்த்தாலும், தத்துப் பத்திரத்தில் ஒருத்திதான் தாய். மற்றவள் சட்டத்தின் கண்ணில் யாரோ! ராய்க்கும் சைலோவுக்கும் காவலர் முட்டை கொடுத்தார். மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இவர்களை மரியாதையாக அழைக்கத் தமிழில் சொல் வேண்டுமே என்று சென்னை ஐகோர்ட்டு கவலைப்பட்டது. அதன் பிறகு, 2022-ல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. "பால்புதுமையர்" என்ற சொல் அதில் உண்டு. பெங்குவின் கதைக்கு அந்தச் சொல்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

ராயும் சைலோவும் கடைசி வரை சேர்ந்து வாழவில்லை. சைலோ ஒரு பெண் பெங்குவினோடு போய்விட்டது. "பார்த்தீர்களா!" என்று புத்தகத்தை எதிர்த்தவர்கள் குதூகலித்தார்கள். ஆனால் டாங்கோவும் வளர்ந்து பெரியதாகி, தனக்கு ஒரு துணையைத் தேடிக் கொண்டது. டனூசி என்று பெயர். அதுவும் பெண்!