சொந்தக் குவளையும் அயலார் கிணறும்

வெளியூர் செல்வோர் குடிநீருக்கென ஒரு குவளையை உடன் எடுத்துச் செல்வது நம் பழைய வழக்கம். குவளை நம்முடையது, அதைத் துலக்கி வைத்தவரும் நாமே. ஆனால் வழியில் அதில் ஏந்தும் நீர் அயலார் கிணற்றிலிருந்து வருகிறது. பென்டிரைவ் எனப் பரவலாக வழங்கும் விரலியில் நமக்கு வேண்டிய மென்பொருள்களை எடுத்துச் சென்று, இணைய மையத்திலோ விடுதியிலோ உள்ள பொதுக் கணினியில் இயக்குவதும் ஏறத்தாழ இத்தகையதே. குவளையின் தூய்மையைக் கிணற்றின் தூய்மையாகக் கருதிவிடும் பிழை இங்கே எளிதில் நேர்கிறது.

வழக்கமான மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவும்போது அதன் கோப்புகள் வன்தட்டின் பல இடங்களில் பரவுகின்றன. இயங்குதளத்தின் பதிவேட்டிலும் குறிப்புகள் எழுதப்படுகின்றன. கையடக்க மென்பொருள் அவ்வாறு நிறுவப்படுவதில்லை. தனக்குரிய அனைத்தையும் ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொண்டு விரலியிலிருந்தே இயங்குகிறது. 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த தொடக்ககால விரலிகளின் கொள்ளளவு 8 மெகாபைட் அளவிலேயே இருந்தது. கொள்ளளவு பெருகப் பெருக, ஆவணங்களுடன் மென்பொருளையும் உடன் கொண்டுசெல்லும் எண்ணம் பிறந்தது. 2004ஆம் ஆண்டில் ஜான் ஹேலர் என்பவர் ஃபயர்பாக்ஸ் உலாவிக்குக் கையடக்க வடிவம் தந்தார். பின்னர் அலுவலக மென்பொருள்கள், படத்தொகுப்பிகள், கடவுச்சொல் பெட்டகங்கள் எனப் பலவும் அவ்வடிவில் வெளிவந்தன.

இதன் பயன் பெரிது. உலாவியின் வரலாறு, குக்கிகள், நாம் குறித்துவைத்த தளங்கள் ஆகியன அயலார் கணினியில் தங்காமல் நம் விரலியிலேயே சேர்கின்றன. விரலியைக் கழற்றியதும் தடமெல்லாம் நம்முடன் வந்துவிடும் என்ற நம்பிக்கை இதிலிருந்தே தோன்றியது. அந்நம்பிக்கை பாதி உண்மை. மறுபாதியைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

விரலியில் உள்ள உலாவி தானாக இயங்குவதில்லை. அயலார் கணினியின் இயங்குதளமே அதனை இயக்குகிறது. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகையிலிருந்து அவ்வியங்குதளத்தின் வழியாகவே உலாவியை அடைகிறது. திரையில் தோன்றும் ஒவ்வொரு வரியையும் வரைவதும் அதுவே. விண்டோஸ் இயங்குதளம், செருகப்பட்ட விரலியின் வகையையும் வரிசை எண்ணையும் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. விரலியைக் கழற்றிய பின்னும் அக்குறிப்பு அங்கேயே இருக்கும். அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்களும் பட்டியலில் நிற்கக்கூடும். நினைவகத்தில் இடம் போதாதபோது அதிலுள்ளவற்றின் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதிவைப்பதும் இயங்குதளத்தின் இயல்பு. இவற்றில் எதையும் கையடக்க மென்பொருளால் தடுக்க இயலாது.

தடம் எஞ்சுவதைவிடப் பேரிடர் ஒன்றுண்டு. தட்டப்படும் எழுத்துகளை எல்லாம் மறைவாகச் சேமிக்கும் நிரலுக்கு விசைப்பதிவி என்று பெயர். நியூயார்க் நகரில் கிங்கோஸ் என்னும் நகலகத்தின் பத்துக்கும் மேற்பட்ட கிளைகளில், வாடிக்கையாளர்களுக்கென வைத்திருந்த கணினிகளில் ஓர் இளைஞன் இத்தகைய நிரலை நிறுவினான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் 450க்கும் மேற்பட்ட பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் திரட்டினான். அவன் பிடிபட்ட விதம் வியப்புக்குரியது. அந்நகலகக் கணினியிலிருந்து தம் வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கிய ஒருவர், பின்னொரு நாள் வீட்டில் இருந்தபோது, யாரும் தொடாமலே திரையில் சுட்டி நகர்வதைக் கண்டார். அவர் பெயரில் இணையவழிக் கணக்கு ஒன்றைத் தொடங்க எவரோ முயன்றுகொண்டிருந்தார். 2003ஆம் ஆண்டில் அவ்விளைஞன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அக்கடைகளுக்கு வந்தோர் தம் விரலியிலிருந்து உலாவியை இயக்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. எழுத்துகள் உலாவியைச் சேரும் முன்பே களவாடப்பட்டுவிட்டனவே!

விசையை ஒற்றறியும் தந்திரம் கணினிக் காலத்திற்கு மட்டும் உரியதன்று. பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த மின்தட்டச்சுப் பொறிகளுக்குள் சோவியத் உளவுத்துறை ஒட்டுக்கருவிகளைப் பொருத்தி வைத்திருந்தது 1984ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இக்காலத்தில் அத்தகைய கருவி விரற்கணு அளவே இருக்கிறது. விசைப்பலகையின் கம்பிக்கும் கணினிக்கும் இடையில் செருகினால் போதும். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரப் பொது நூலகங்களில் இவ்வகைக் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இது நிரல் அன்று. ஆதலால் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இதைக் காண்பதில்லை. கணினியின் பின்புறத்தைக் குனிந்து பார்க்கும் கண் மட்டுமே காணும்.

கடவுச்சொல் பெட்டகத்தை விரலியில் எடுத்துச் செல்வோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பெட்டகக் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. விரலி தொலைந்தாலும் அச்சம் குறைவு. ஆனால் பொதுக் கணினியில் அதைத் திறக்க முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டியாக வேண்டும். விசைப்பதிவி அச்சொல்லைப் பதிந்துகொள்ளும். செருகியிருக்கும் விரலியிலிருந்து பெட்டகக் கோப்பையும் தீநிரல் நகலெடுத்துவிடலாம். பெட்டியும் சாவியும் ஒருசேரக் கைமாறினால் ஒரு கணக்கை இழக்க வேண்டிய இடத்தில் எல்லாக் கணக்குகளையும் இழக்க நேரிடும். திரைவிசைப்பலகையைச் சுட்டியால் அழுத்துவது ஓரளவு உதவும். திரையையே படம்பிடிக்கும் தீநிரல்களிடம் அதுவும் தோற்கும். பெட்டகத்தைத் தம் கைப்பேசியிலேயே திறந்து பார்த்து, தேவையான ஒரு கடவுச்சொல்லை மட்டும் தட்டுவதே மேலானது.

இனி எதிர்த்திசையில் வரும் இடரைக் காண்போம். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்ப் பயிற்சி முகாமிற்குச் சென்றபோது, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையொன்றில் இரண்டே பக்கங்களை அச்சிட்டேன். மறுநாள் பள்ளிக் கணினியில் விரலியைத் திறந்தேன். ஓராண்டு உழைப்பில் தொகுத்த பாடக்குறிப்புகளின் கோப்புறைகள் அனைத்தும் குறுக்குவழிக் குறிகளாக மாறியிருந்தன. ஒன்றைச் சொடுக்கினேன், கோப்புறை வழக்கம்போல் திறந்தது, நானும் ஐயுறவில்லை. கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழி ஒன்றை வைப்பதும், அதைச் சொடுக்கும்போது கோப்புறையைத் திறந்துகாட்டியபடியே தான் இயங்குவதும் அத்தீநிரலின் சூழ்ச்சி என்பது பின்னரே தெரிந்தது. மறைக்கப்பட்ட குறிப்புகள் மீண்டன. ஆயினும் அதற்குள் பள்ளிக் கணினியும், அதில் அன்று செருகப்பட்ட மாணவர்களின் விரலிகளும் பாதிப்புற்றிருந்தன. இரண்டு பக்க அச்சுக்கு முழு விரலியையும் நீட்டியது என் பிழை.

விரலியைச் செருகியதும் தானே இயங்கும் தீநிரல்கள் ஒரு காலத்தில் மிகுந்திருந்தன. 2008ஆம் ஆண்டில் தோன்றிய கான்ஃபிக்கர் அவ்வழியிலும் பரவியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விரலிகளுக்கான தன்னியக்க வசதியை நீக்கியது. ஆகவே இன்று தீநிரலுக்கு நம் ஒரு சொடுக்கு தேவைப்படுகிறது. கையடக்க மென்பொருள் வைத்திருப்போர் அச்சொடுக்கைத் தாமே தந்துவிடுகின்றனர். விரலியில் இருப்பவை இயங்கு கோப்புகள் அல்லவா? பொதுக் கணினியின் தீநிரல் அவற்றோடு ஒட்டிக்கொண்டால், வீடு திரும்பி உலாவியைத் திறக்கும் கணமே நம் கணினிக்குள் அது நுழைந்துவிடும்.

அவ்வாறாயின் பொதுக் கணினியை அறவே தவிர்ப்பதா? அடுத்த ஆண்டு கல்லூரி விண்ணப்பங்களுக்காக இணைய மையங்களை நாடவிருக்கும் மாணவர்களுக்கு அது இயலாத அறிவுரை. எந்தக் கருவியைக் கொண்டு செய்கிறோம் என்பதைவிட எந்தப் பணியைச் செய்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தொடர்வண்டி நேரம் பார்ப்பதற்கும் தேர்வு மைய வரைபடம் அச்சிடுவதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. வங்கிக் கணக்கைத் திறப்பது எக்காரணத்தாலும் அங்குச் செய்யத்தக்கதன்று. இவற்றின் இடைப்பட்டது மின்னஞ்சல். பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்டெடுக்கும் வழி பெரும்பாலும் அதுவே என்பதால், அதனை வங்கிக் கணக்கின் பக்கத்தில் வைத்து எண்ணுவதே சரி. தவிர்க்க இயலாதபோது, கைப்பேசிக்கு ஒருமுறைக் குறியெண் வரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முன்கூட்டியே அமைத்துக்கொண்டால், களவாடப்பட்ட கடவுச்சொல் மட்டும் கள்வனுக்குப் பயன்படாது. ஆனால் வெளியேறாமல் எழுந்துவிட்டால், திறந்த கணக்கிற்குள் அடுத்து அமர்பவர் எளிதில் புகலாம். வாட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் இணைத்துச் சான்றிதழ் அச்சிடுவோர் இதனை அடிக்கடி மறக்கின்றனர். கைப்பேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்தால் அக்கடைக் கணினி இன்னும் இணைந்திருப்பது தெரியவரும்.

அச்சிடச் செல்லும்போது வெற்று விரலி ஒன்றில் உரிய கோப்பை மட்டும் கொண்டுசெல்லலாம். கடைக்காரர் அக்கோப்பைத் தம் கணினித் திரையில் நகலெடுத்துவைத்தால், அச்சிட்டபின் நீக்குமாறு கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் யாருடைய மேசையிலும் கிடக்க வேண்டியவை அல்ல. உலாவி வரலாற்றை அழிப்பதும் நன்றே. ஆனால், இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் இணைய மைய விதிகள், பயனர்கள் பார்த்த தளங்களின் வரலாறு முதலிய பதிவுகளை ஓராண்டேனும் காத்துவைக்குமாறு மைய உரிமையாளரைப் பணிக்கின்றன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கிணற்றையே உடன் கொண்டுசெல்லும் வழியும் உண்டு. டெயில்ஸ் போன்ற முழு இயங்குதளத்தை விரலியிலிருந்தே தொடங்கினால், அக்கணினியின் வன்தட்டில் உறங்கும் விசைப்பதிவி விழிப்பதில்லை. ஆயினும் கம்பியில் செருகிய கருவி விழித்தே இருக்கும். தம் கணினியை அணைத்துத் தொடங்க இசையும் மைய உரிமையாளர்களும் அரியர்.

ஊர் திரும்பியதும் விரலியை நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் ஆராய்ந்த பின்னரே அதிலுள்ள எதனையும் திறக்க வேண்டும். கையடக்க மென்பொருள்களை நீக்கி, அவற்றின் மூலத் தளத்திலிருந்து புதிதாகப் பதிவிறக்குதல் இன்னும் நன்று. பொதுக் கணினியில் தட்டிய கடவுச்சொற்களைத் தம் சொந்தக் கருவியிலிருந்து மாற்றி, பிற சாதனங்கள் அனைத்திலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். பணம் பறிபோனது தெரிந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்கலாம். எத்துணை விரைவில் அழைக்கிறோமோ, அப்பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவும்முன் முடக்கப்படும் வாய்ப்பும் அத்துணை மிகுதி.