வீரன் மகன் ஏறிய நாற்காலி

தந்தை மலையிலே வாளேந்தினார்; மகன் மாளிகையிலே மன்னனுக்குக் காவல் நின்றார். இருவரும் வீரர்களே! ஆயினும் வரலாறு இருவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஏன்? கிரேக்க நாட்டின் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

1821. துருக்கிய சுல்தானின் ஆட்சியை எதிர்த்துக் கிரேக்கர் கிளர்ந்தெழுந்தனர். படை நடத்தியவர் தியோடோரோஸ் கொலோகொட்ரோனிஸ். அவர் மகன் இயோவானிஸ், இருபது வயதுகூட நிரம்பாதவர், திரிப்போலிட்சா முற்றுகையிலே நின்றார். அவருக்குக் ‘கென்னாயோஸ்’ என்று பெயர் வந்தது. ‘வீரன்’ என்று பொருள். அது பிறப்பால் வந்த பட்டமல்ல. போர்க்களம் தந்த பட்டம்!

விடுதலைப் போர் முடியுமுன்பே வீட்டுச் சண்டை மூண்டது. 1824இல் அண்ணன் பானோஸ் சொந்த நாட்டார் கையாலேயே மாண்டார். தந்தை சிறைப்பட்டார். எகிப்தியப் படை கரையிறங்கியதும், அவரின்றி ஆகாது என்று 1825இல் சிறைக் கதவைத் திறந்தனர்.

1833இல் வல்லரசுகள் தேர்ந்து அனுப்பிய மன்னன் வந்தான்: பவேரிய இளவரசன் ஓட்டோ, வயது 17. அவன் பெயரால் ஆண்டவர்கள் மறு ஆண்டே கிழவரைத் ‘துரோகி’ என்று கூண்டிலேற்றினர். மரண தண்டனை! பொலிசோயிதிஸ், தெர்ட்செட்டிஸ் என்ற இரு நீதிபதிகள் கையெழுத்திட மறுத்தனர். சிப்பாய்களை ஏவி இருவரையும் ஆசனத்துக்கு இழுத்து வந்தனர். ஆள் வந்தது, கையெழுத்து வரவில்லை! 1835இல் ஓட்டோ தானே ஆளத் தொடங்கியதும் கிழவருக்கு மன்னிப்பு வழங்கினான்.

அந்த மன்னனிடமே மகன் அணுக்க அதிகாரியானார், தளபதியாக உயர்ந்தார். 1843இல் அரண்மனை வாசலில் மக்களும் படையும் திரண்டு அரசியல் சட்டம் கேட்டனர். மன்னன் இணங்கினான், ஆனால் அதிகாரப் பிடியைத் தளர்த்தவில்லை.

1862 பிப்ரவரியில் நாப்ளியோ படையினர் கிளர்ந்தெழுந்தனர். அப்போது முதலமைச்சர் அத்தனாசியோஸ் மியாவுலிஸ். அவரும் விடுதலைப் போரின் கடற்படைத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மியாவுலிசின் மகன். அவர் விலகினார், அந்த நாற்காலியில் கென்னாயோசை அமர்த்தினான் ஓட்டோ. ஆட்டங்கண்ட அரியணைக்கு மாவீரர் பெயர்கள் முட்டுக்கட்டைகள்!

சில திங்களே ஓடின. அக்டோபரில் ஏதென்ஸ் எழுந்தது. சுற்றுப்பயணம் போயிருந்த மன்னன் தலைநகரில் கால்வைக்க இயலவில்லை. ஆங்கிலேயக் கப்பலேறி நாட்டை விட்டே போனான். அவனுடைய கடைசி முதலமைச்சர் என்ற பெயரே கென்னாயோசுக்கு மிஞ்சியது. 1868இல் அவர் மறைந்தார்.

ஆட்சியை ஏற்ற மூவரில் ஒருவர் யார் தெரியுமா? 1822இல் தீப்படகு செலுத்தித் துருக்கியக் கொடிக்கப்பலை எரித்த கனாரிஸ்! நாற்பதாண்டு கழித்தும் அந்தக் கிழவர் மக்கள் பக்கமே நின்றார்.

கென்னாயோஸ் கோழையல்லர், நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். களத்தில் சிந்திய குருதி பொய்யல்ல. ஆனால் நேற்றைய தழும்பு, இன்று நிற்கும் இடத்துக்கு நற்சான்று ஆகாது. ‘யார் மகன்?’ என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ‘யார் பக்கம்?’ என்றும் கேளுங்கள்!