நடவுத் தேதியை மாற்றினால் போதுமா?

பஞ்சாபியரின் அன்றாட உணவு ரொட்டி. ஆனாலும் அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைகிறது; 1960-61இல் அது இரண்டேகால் லட்சம் ஹெக்டேர்தான். பசுமைப் புரட்சி விதை தந்தது, அரசு நெல்லை நிச்சயமாக வாங்கிக்கொண்டது, 1997இல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. அங்கு பெய்கிற மழை இத்தனை நெல்லுக்குக் காணாது. மழையாலும் கால்வாய்க் கசிவாலும் ஊறும் நீரில் எடுக்கத்தக்கது என மத்திய நிலத்தடி நீர் வாரியம் கணக்கிடும் ஒவ்வொரு 100 லிட்டருக்கும், 2023 மதிப்பீட்டின்படி, 160 லிட்டருக்கு மேல் இறைக்கிறார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க நீர்மூழ்கி மோட்டாரின் குதிரைத்திறன் கூடுகிறது, அதற்கு எரியும் நிலக்கரியும் கூடுகிறது. தண்ணீர் கட்டிய வயலிலிருந்து மீத்தேன் வேறு.

நீர்மட்டம் இப்படி இறங்குவதைத் தடுக்கத்தான் 2009இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது அது. காரணம் சரியானதே. மே மாத வெயிலிலும் அனல்காற்றிலும் வயலில் நிற்கும் நீர் மளமளவென்று ஆவியாகும். நடவைப் பருவமழைக்கு நெருக்கமாகத் தள்ளினால் அந்த இழப்பு குறையும். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். கோதுமை விதைப்போ காத்திருக்காது. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அதற்குள் அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை அகற்ற மிகவும் மலிவான வழி தீக்குச்சி. அதுவும் காற்று அடங்கி, குளிர் இறங்கும் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும். புகை மேலெழாமல் டெல்லி வரை படர்கிறது. தாள் எரிப்பு இந்தச் சட்டத்துக்கு முன்பே இருந்தது. சட்டம் அதைக் காற்றுக்கு மிக மோசமான நாட்களில் கொண்டுபோய் நிறுத்தியது. மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமச் சத்தும் சாம்பலாகிறது.

கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். தாளை எரிக்காமல் அதனூடே கோதுமை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ நல்ல கருவி. மூடாக்காகக் கிடக்கும் தாள் மண்ணின் ஈரத்தையும் காக்கிறது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் குறுகிய கால ரகமான பி.ஆர். 126 இன்னும் மேல். நெல் வயலில் நிற்கும் நாட்களையே அது குறைக்கிறது, விதைப்புக்கு இடைவெளியும் தருகிறது. ‘வயலில் கட்டிய நீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடிக்கே திரும்புகிறது, அது எப்படி வீண்?’ என்பது இன்னொரு வாதம். பாதி உண்மை. அதனால்தான் இறைப்பைக் குறைக்கும் எல்லா உத்தியும் நீரை மிச்சப்படுத்திவிடாது. நேரடி நெல் விதைப்பில் மிச்சமானதாகத் தெரிவதில் ஒரு பகுதி எப்படியும் மண்ணுக்குத் திரும்பியிருக்கும். மீளாமல் போவது பயிரும் வயலும் ஆவியாக வானுக்கு அனுப்பும் நீர். அதைப் பெருமளவு குறைக்க ஒரே வழிதான் உண்டு: நெல்லின் பரப்பைக் குறைப்பது.

அப்படியானால் நாட்டுக்குச் சோறு? இது அலட்சியப்படுத்தக் கூடாத கேள்வி. பஞ்சாப் நெல் ஒரு காலத்தில் நாட்டின் உணவுப் பற்றாக்குறையைத் தீர்க்க உதவியது. இன்றோ உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. பீகார், மேற்கு வங்கம், அசாம் போல மழை மிகுந்த பகுதிகளில் விளைச்சலைக் கூட்ட இடமிருக்கிறது. விவசாயி பிடிவாதக்காரர் என்ற குற்றச்சாட்டைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஆதரவு விலை பல பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. ஆனால் பஞ்சாப் மண்டிக்கு வந்து அரசு முழு அளவில் வாங்குவது நெல்லையும் கோதுமையையும்தான். மக்காச்சோளம் போட்டவர் வியாபாரி சொல்லும் விலைக்கு விற்க வேண்டும். பக்கத்து ஹரியானா 2020இல் நெல்லை விட்டு மாறுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் தரத் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் உதவித்தொகை எந்த ஆண்டிலும் நின்றுபோகலாம். நெல்லுக்கு இருக்கும் அதே கொள்முதல் உறுதி மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் பருத்திக்கும் கிடைக்கும் வரை, கடனோடு நிற்கும் ஒருவரிடம் நெல்லை விடு என்று கேட்க யாருக்கும் நியாயமில்லை. அதற்கான செலவைப் பஞ்சாப் மட்டும் சுமக்கவும் கூடாது. அந்த அரிசியைத் தின்றது நாடு முழுவதும்.