கீசர் காத்திருக்கும், குஞ்சு காத்திருக்காது

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வீட்டு மின்சுமை சட்டென்று ஏறிவிடுகிறது. குளிக்கக் கீசர், சமைக்க இண்டக்‌ஷன் அடுப்பு, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார், கொல்லையில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு தரும் பல்புகள் என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீசர் 2,000 வாட், அடுப்பு 2,000 வாட், ஒரு குதிரைத்திறன் மோட்டார் சுமார் 1,000 வாட். 200 குஞ்சுகளுக்குத் தலா 2 வாட் வீதம் 400 வாட். மொத்தம் 5,400 வாட். 230 வோல்ட்டில் இது 23 ஆம்பியரைத் தாண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள வீட்டில் அது விழத்தான் செய்யும். அதற்காக 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டுவதும், ஃபியூஸில் தடித்த கம்பி கட்டுவதும் ஆபத்து. எம்.சி.பி. விழாது, சுவருக்குள் இருக்கும் கம்பி கொதித்து, வீடே தீப்பிடிக்கலாம்.

கீசரில் உள்ள தெர்மோஸ்டாட் இதற்கு உதவாது. அது தண்ணீரின் சூட்டை மட்டுமே பார்க்கும். அடுப்பு எரிவது அதற்குத் தெரியாது.

சுமையைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு.

செலவு குறைந்தது சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் கீசர், மறுபக்கம் தள்ளினால் அடுப்பு. இரண்டும் சேர்ந்து ஓடவே முடியாது. சுவிட்ச் 20 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

தானாக நடக்க வேண்டுமானால் முன்னுரிமை ரிலே வைக்கலாம். அடுப்புக்குப் போகும் மின்னோட்டத்தை ரிலே கவனிக்கும். அடுப்பு எரியத் தொடங்கியதும் கீசரின் கன்டாக்டரை விடுவித்துவிடும். பம்புசெட் ஸ்டார்ட்டரில் "டக்" என்று இழுக்கும் அதே அமைப்புதான் இந்தக் கன்டாக்டர். அடுப்பை அணைத்ததும் கீசர் மீண்டும் இயங்கும். குறைந்த சூட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு விட்டுவிட்டு எரியும் என்பதால், ஐந்து நிமிடத் தாமதம் வைக்கும் வசதியுள்ள ரிலேயே நல்லது. இல்லாவிட்டால் கன்டாக்டர் ஓயாமல் அடித்துக்கொண்டு சீக்கிரம் கெட்டுவிடும்.

எதைக் காக்க வைப்பது என்பதே முக்கியம். கீசர் தொட்டியில் சூடேறிய தண்ணீர் அரை மணி நேரத்தில் ஆறிவிடாது. ஆனால் முதல் வாரக் குஞ்சுகளுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இடைவிடாமல் வேண்டும். சூடு குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். எனவே குஞ்சுக் கூட்டின் இணைப்பை ரிலேயில் சேர்க்கக் கூடாது.

வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடையும் ரிலேயில் சேர்க்கக் கூடாது. மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்து ஒருவர் தண்ணீரில் கை வைக்கும் நேரத்தில் அது தானாக உயிர் பெறலாம்.

கீசரை நிறுத்தினால் மீதிச் சுமை 3,400 வாட், அதாவது சுமார் 15 ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், சமையல் முடிந்த பிறகு அதை ஓட்டுவது நல்லது. விவசாயப் பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டு ஹீட்டருக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து வேலையை முடித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.