சுழல்மேடையும் சுருதியும்

சுருதி தாய், லயம் தந்தை என்பது நம் முன்னோர் வழக்கு. அரங்கிலே இவ்விரண்டையும் காப்பவர் கலைஞர். இசைத்தட்டிலோ அப்பொறுப்பு அதனைச் சுழற்றும் பொறியையே சார்கின்றது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால், சுருதி ஏறத்தாழ ஒரு சுரத்தானம் இறங்கிவிடும், தாளமும் தளர்ந்துவிடும். ஆகவே, மாறா வேகமே சுழல்மேடையின் முதற் கடமை.

இக்கடமையைப் பொறியியலாளர் எவ்வாறு நிறைவேற்றினர்? பழைய கிராமபோன் பெட்டி, கையால் முறுக்கிய வில்லின் விசையால் இயங்கியது. 1954ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் கரார்ட் நிறுவனத்தார் ஆக்கிய '301' புகழ்பெற்ற மின்பொறியாகும். அதன் மோட்டர் தண்டு விரைந்து சுழலும். தண்டுக்கும் மேடையின் உள்விளிம்புக்கும் இடையே நிற்கும் ஒரு றப்பர்ச் சில்லு அச்சுழற்சியை மேடைக்கு ஊட்டும். மேடை கனமானது, குயவன் சக்கரம் போல, ஒருமுறை கொண்ட வேகத்தை எளிதில் விடாது. வேகத்தை நுட்பமாகத் திருத்த, தொடாமலே தடுக்கும் காந்தத் தடை ஒன்றும் உண்டு.

எனினும், மோட்டரின் அதிர்வு றப்பர்ச் சில்லின் வழியே மேடையை அடைந்து உறுமலாய் ஒலிக்கக்கூடும். 1961இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் மெல்லிய பட்டியொன்றால் மேடையைச் சுழற்றி அவ்வதிர்வை வெகுவாகத் தணித்தார். 1970இல் யப்பானியரின் 'டெக்னிக்ஸ்' சில்லையும் பட்டியையும் நீக்கி, மோட்டரின் மீதே மேடையை அமைத்தது.

மாணவர்க்கு ஒரு கணக்கு. நமது மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் நியோன் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். மேடையின் விளிம்பில் 180 கோடுகள் இருப்பின், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் அவை அசையாது நிற்பன போலத் தோன்றும். ஏன் என்று கணித்துப் பாருங்கள்.

இவையெல்லாம் நமக்கு வெறும் பொறிக்கதையல்ல. கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி வழியே இசைத்தட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் நமது. போர்க்காலத்தில் மின்சாரம் அற்றபோது, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவரும் நம்மவரே. 1995இன் இடப்பெயர்வில் வீடு துறந்து சென்றோர் எத்தனை பொருள்களை விட்டுச் சென்றனர்! 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியை இன்றைய இளைஞர் ஒலிப்பதிவின்றி வேறெவ்வாறு கேட்க இயலும்?

ஆதலின், வீட்டில் எஞ்சிய தட்டுகளைப் பேணுதல் நம் கடன். 78 சுற்றுத் தட்டுகளிற் பெரும்பாலானவை அரக்குக் கலவையால் ஆனவை; விழுந்தால் உடையும்; மதுசாரம் பட்டால் கரையும். அவற்றை நிமிர்த்தி அடுக்குக. அவற்றின் பள்ளம் அகன்றது. நெடுந்தட்டின் நுண்ணூசி அதற்குப் பொருந்தாது. தக்க ஊசியும் சரியான வேகமும் கொண்டு ஒருமுறை இசைத்து, கணினியிற் பதிந்து வைத்தல் நன்று. உடைந்த தட்டு மீண்டும் பாடாது. பதிந்த ஒலியோ நம் பேரப்பிள்ளைகளின் காதையும் எட்டும்.