இரவுச் சோறு அரை மணியில்

இடுக்கி மாவட்டத்தின் மலைகளில் தேயிலையும் ஏலமும் விளைகின்றன. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பல உள்ளன. சிலர் தோட்டத்து லயங்களில் வாழ்கிறார்கள். சிலர் போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காட்டுக்கு வருகிறார்கள். மாலையில் திரும்புகிறார்கள்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலும் இதே நிலைதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பகுதிகளில் அப்பாவும் வேலைக்குப் போகிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அதன்பிறகு தண்ணீர் பிடிக்க வேண்டும். அடுப்பு மூட்ட வேண்டும். சோறு வடித்து, குழம்பு வைத்து முடிக்க மணி எட்டரை ஆகிவிடும். பசித்த பிள்ளைக்கு அதுவரை கட்டன் சாயாவும் பிஸ்கட்டும்தான். சோறு வேகும் முன்பே பிள்ளை தூங்கிவிடுகிறது.

ஒரு நாள் இப்படி நடந்தால் கெடுதல் இல்லை. தினமும் நடந்தால் பிள்ளை மெலியும். பள்ளியில் மதியச் சோறு கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உண்பது இரவில்தான். ஆகவே இரவுச் சோறு சத்தாக இருக்க வேண்டும். சீக்கிரமும் ஆக வேண்டும். இரண்டும் முடியும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

வெறும் சோறு வயிற்றை நிரப்பும். உழைக்கத் தெம்பு தரும். ஆனால் உடம்பு வளர அது மட்டும் போதாது. தட்டில் மூன்று வகை உணவு வேண்டும்.

ஒன்று, தெம்பு தருவது. அரிசி, ராகி, கோதுமை, கிழங்கு.

இரண்டு, உடம்பை வளர்ப்பது. பருப்பு, பயறு, கடலை, முட்டை, மீன், பால்.

மூன்று, நோயிலிருந்து காப்பது. கீரை, காய், பழம்.

மூன்றையும் தனித்தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்தில் சேர்த்துச் சமைக்கலாம். நேரம் மிச்சம். விறகும் மிச்சம்.

மலையில் பருப்பு ஏன் வேகாது?

"இந்த ஊரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது" என்று மூணாறில் பலர் சொல்வார்கள். பருப்பின் மேல் மட்டும் குற்றம் இல்லை. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரை ஊரில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு என்பதால் பருப்பு வேக நேரம் கூடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயறு வகைகளைக் காலையிலேயே ஊறப் போடுவது. இரண்டு, பிரஷர் குக்கர். குக்கருக்குள் ஆவி அடைபடுகிறது. அழுத்தம் கூடுகிறது. சூடும் கூடுகிறது. மலையிலும் பருப்பு குழைய வேகும்.

நான்கு பேருக்கு நான்கு சமையல்

1. காய்கறிப் பருப்புச் சோறு

அரிசி ஒன்றரை டம்ளர். பாசிப் பருப்பு அரை டம்ளர். இரண்டையும் கழுவுங்கள். காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், எது இருக்கிறதோ அதை நறுக்கிச் சேருங்கள். பூண்டு நான்கு பல், சீரகம், மஞ்சள் தூள், உப்பு போடுங்கள். தண்ணீர் 6 டம்ளர் ஊற்றிக் குக்கரை மூடுங்கள். நான்கு விசில் வந்ததும் இறக்குங்கள். ஆவி அடங்கிய பின் திறந்து, ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். வட்டவடை, காந்தல்லூர் பக்கம் இந்தக் காய்களும் பூண்டும் நன்றாக விளைகின்றன.

2. பயற்றுக் கஞ்சி

வேலைக்குப் போகும் முன் அரை டம்ளர் பச்சைப் பயறை ஊறப் போடுங்கள். மாலையில் அந்தத் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு டம்ளர் நொய் அரிசியும் 7 டம்ளர் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடுங்கள். தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், உப்பு சேருங்கள். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல் நல்லது.

3. ராகி அடை

ராகி மாவு இரண்டு டம்ளர். முருங்கைக் கீரை இரண்டு கைப்பிடி. நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். கல்லில் தட்டி, எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் வேக விடுங்கள். நிலக்கடலைச் சட்டினியுடன் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

4. கப்பையும் மத்தி மீனும்

கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வயிற்றை நிரப்பும். ஆனால் உடம்பை வளர்க்கும் சத்து அதில் மிகக் குறைவு. மத்தி மீன் அந்தக் குறையைத் தீர்க்கும். மீன் வேண்டாதவர்கள் பயறு சேர்க்கலாம். கிழங்கின் தோலையும் நடு நரம்பையும் நீக்குங்கள். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேக வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் உள்ள நச்சுப் பொருள் அதனோடு பெரிதும் போய்விடும்.

ராகி ஏழைச் சோறா?

ராகியைச் சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லி கிராம்தான். எலும்பும் பல்லும் உறுதியாக வளர இந்தச் சத்து தேவை.

அட்டப்பாடி மக்கள் முன்பு ராகி, சாமை, துவரை, அவரை ஆகியவற்றை மலைச் சரிவுகளில் பயிரிட்டு உண்டார்கள். நிலம் கைவிட்டுப் போயிற்று. பயிரும் குறைந்தது. தட்டில் வெறும் அரிசிச் சோறு மிஞ்சியது. 2013ஆம் ஆண்டில் அங்கே பழங்குடிக் கைக்குழந்தைகள் பலர் இறந்தார்கள். தாய்மாரின் சத்துக் குறைவும் இரத்தச் சோகையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதன்பிறகு சிறுதானியப் பயிரை மீட்கக் கேரள அரசு அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பாட்டி கிண்டிய களிக்கு உலகமே மதிப்புத் தந்துவிட்டது.

சாயா எப்போது?

தேயிலைத் தோட்டத்தில் சாயாவுக்குக் குறைவில்லை. ஆனால் சோற்றோடு சாயா குடிக்கக் கூடாது. சாயாவில் ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. இரும்புச் சத்து குறைந்தால் இரத்தச் சோகை வரும். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். கண் இமையின் உட்பக்கம் வெளுக்கும். பிள்ளைக்குப் படிப்பில் மனம் செல்லாது.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாயா குடிக்கலாம். சிறு பிள்ளைகளுக்குச் சாயாவே வேண்டாம். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும். எலுமிச்சம் பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள்.

கைக்குழந்தைக்கு என்ன தருவது?

6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பிறகு தாய்ப்பாலோடு குழைந்த சோறும் தர வேண்டும். கஞ்சித் தெளிவு மட்டும் தந்தால் சத்து போதாது. பருப்புச் சோற்றை மசித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு ஊட்டுங்கள். கேரளத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் 'அமிர்தம்' சத்து மாவு தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பொட்டலத்தைப் படியுங்கள்

எழுத்து தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. மாவு, எண்ணெய், பிஸ்கட் எதுவானாலும் தயாரித்த தேதியைப் பாருங்கள். எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்பதையும் பாருங்கள். உப்பில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நூடுல்ஸ் பெரும்பாலும் மைதாவும் உப்பும் எண்ணெயும்தான். பிள்ளை அடம் பிடித்தால் எப்போதாவது செய்யலாம். அப்போதும் ஒரு முட்டையும் கொஞ்சம் காயும் சேருங்கள்.

இது யார் வேலை?

கொழுந்து பறித்த கைதான் இரவில் கரண்டியும் பிடிக்கிறது. இது நியாயமா? முதலில் வீட்டுக்கு வருபவர் அடுப்பு மூட்டட்டும். ஒருவர் காய் நறுக்கும்போது மற்றவர் தண்ணீர் பிடிக்கட்டும். வளர்ந்த பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், பூண்டு உரிக்கட்டும். நான்கு கை சேர்ந்தால்தான் அரை மணியில் சோறு ஆகும்.

கூலி போதாவிட்டால் தட்டும் நிறையாது. அதுவும் உண்மை. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் போனஸும் கூலி உயர்வும் கேட்டு வீதியில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. உரிய கூலியைக் கேட்பதும் வேண்டும். கிடைத்த கூலியில் சத்தானதை வாங்குவதும் வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. நேற்று இரவு உங்கள் வீட்டுத் தட்டில் மூன்று வகை உணவும் இருந்தனவா?

2. உங்கள் ஊரில் இப்போது மலிவாகக் கிடைக்கும் கீரை எது? பயறு எது?

3. உங்கள் வீட்டில் முதலில் வேலை முடிந்து வருபவர் யார்? நாளை அடுப்பு மூட்டப் போவது யார்?